விமானம் ஆடினால் ஜொய்ஸ்டிக்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எக்ஸ்-பிளேன் 12 என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு விளையாடுகிறேன். அதில் வரும், விமானம் வடிவமைக்கும் பிளேன் மேக்கரில் நானே ஒரு இரண்டு இருக்கை விமானம் செய்தேன். கிளம்பினதும் மூக்கு ஏறி இறங்கி ஆடுகிறது, கையை விட்டால் இன்னும் மோசம். வேகமும் 85 நொட்டுக்கு மேல் போகவில்லை. எஞ்சினை 100 குதிரைவலுவில் இருந்து 150 ஆக்கியும் 97இல் நின்றுவிட்டது. ஜொய்ஸ்டிக் பழுது, 38,000 ரூபாவுக்குப் புதியது எடுங்கள் என்று ரவுனில் ஒரு கடையில் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
- கொக்குவில் வாசகர்

பதில்: தம்பி, காசை இப்போது எடுக்க வேண்டாம். முதலில் அதே ஜொய்ஸ்டிக்கோடு, விளையாட்டில் கூடவே வரும் செஸ்னா 172ஐ ஓட்டிப் பாருங்கள். அது ஆடாமல் 120 நொட் அளவில் போனால் பிழை உங்கள் கையில் இருக்கும் பொருளில் இல்லை, நீங்கள் செய்த விமானத்தில்தான்.

எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஏனென்றால் கையை விட்டதும் ஆட்டம் கூடுவது புவியீர்ப்பு மையம், அதாவது விமானத்தின் எடை சமப்படும் புள்ளி, பின்னுக்குப் போனதன் அடையாளம். பிளேன் மேக்கரில் எடையும் சமநிலையும் உள்ள பக்கத்தைத் திறந்து மையத்தை இரண்டிரண்டு அங்குலமாக முன்னுக்கு நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பறந்து பாருங்கள். கிளம்பும்போது நன்றாக இருந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஆடத் தொடங்கினால் எரிபொருள் தாங்கியின் இடத்தையும் பாருங்கள். முன்பக்கத் தாங்கி காலியாகக் காலியாக மையம் பின்னுக்கு வரும். வால் செட்டை சிறிதாகவோ உடலுக்கு மிகக் கிட்டவோ இருந்தாலும் இதே ஆட்டம்தான். கணினி மெதுவானது என்றால், ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) பறப்புக் கணக்கை எத்தனை தடவை போடுவது என்ற அமைப்பைக் கூட்டிப் பாருங்கள், சிறிய இலேசான விமானங்களுக்கு அது உதவும்.

வேகத்துக்கு எஞ்சினைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் குறைவு. வேகம் இரண்டு மடங்கானால் காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவை நான்கு மடங்கு, தேவைப்படும் வலு எட்டு மடங்கு; ஒன்றரை மடங்கு வலுவுக்கு உங்களுக்குக் கிடைத்த 12 நொட்தான் கணக்கு. ஆகவே இழுவையைக் குறையுங்கள். உடலின் அகலம் அளவுக்கு மேல் கொடுபட்டிருக்கிறதா, ஃபிளாப் (செட்டையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) இறங்கியபடி இருக்கிறதா, சமமாகப் பறக்கும்போது மூக்கு மேலே தூக்கி நிற்கிறதா? மூக்கு தூக்கி நின்றால் உடல் முழுக்கக் காற்றில் சரிந்து இழுபடும், செட்டை பொருத்திய கோணத்தை ஒன்றிரண்டு பாகை கூட்டினால் அது நேராகும்.

சரி, செஸ்னாவும் ஆடினால்? விண்டோசின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். குறி தானாகத் துள்ளினால் முதலில் கலிபிரேட் செய்யுங்கள் (நடுவையும் எல்லைகளையும் சரிப்படுத்துங்கள்), அதற்கும் அடங்காவிட்டால்தான் ஜொய்ஸ்டிக்கைச் சந்தேகிக்கலாம். பொட்டென்சியோமீட்டர் (உரசி நகர்ந்து நிலையை அளக்கும் பாகம்) உள்ளவை தேய்ந்தும் தூசு படிந்தும் இப்படித் துள்ளும். அதைப் போனில் வீடியோ எடுத்து, உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் பற்றுச்சீட்டோடு வாங்கின கடைக்கே கொண்டுபோங்கள். புதிது எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஹோல் சென்சர் (காந்தத்தால் நிலையை அளக்கும் பாகம்) உள்ளதா என்று கேளுங்கள், அதில் உரசித் தேயும் பகுதி இல்லை. மொடல் பெயர், திகதி, உத்தரவாத மாதங்கள் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கடை தட்டிக் கழித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம், அப்போது அந்தத் துண்டு கையில் இருக்க வேண்டும்.