நாலு கட்டையா, மூன்று கட்டையா? பெர்கோலேசி பாடப் போகிறவருக்கு

கேள்வி: பெரிய வெள்ளிக்கு எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கோலேசியின் ‘ஸ்டாபாட் மாட்டெர்’ என்ற மாதா கீதத்தின் முதல் டூயட்டைப் பாடப் போகிறோம். நான் ஆல்ட்டோ, அதாவது கீழ்க்குரல். தாளில் எஃப் மைனர், ‘கிராவே’ என்று போட்டிருக்கிறது. யூடியூப் பதிவை ட்யூனரில் பார்த்தால் இ மைனர் காட்டுகிறது. ஓர் இணையதளம் வேகம் நிமிடத்துக்கு 84 என்கிறது, எங்கள் மாஸ்டர் 42 என்கிறார். எதை நம்புவது? அழுகிற மாதிரி பாட வேண்டுமா?

பதில்: மாஸ்டரை நம்புங்கள். 84 தப்பு என்று சொல்ல முடியாது, அது வேறு எதையோ எண்ணுகிறது. இந்தப் பாட்டில் அடிக்குரல் வாத்தியம் நிற்காமல் சீராக நடந்துகொண்டே இருக்கும், ஒரு தட்டுக்கு இரண்டு அடி. கம்ப்யூட்டர் அந்த அடிகளை எண்ணி 84 என்கிறது, மாஸ்டர் தட்டை எண்ணி 42 என்கிறார். வேகம் ஒன்றேதான். ‘எந்தப் பாட்டுக்கும் கீ, வேகம் சொல்கிறோம்’ என்று கடை விரித்திருக்கும் தளங்களில் இந்த இரட்டிப்புக் குளறுபடி சர்வசாதாரணம். தாளைத் திறந்துகூடப் பார்க்காத கணக்கு அது.

உங்கள் தாளிலேயே மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண் அச்சாகியிருந்தாலும் மயங்க வேண்டாம். நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி மடத்தில் 1736 மார்ச்சில் பெர்கோலேசி இறந்தபோது வயது 26. மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது 1815இல். ஆக, எந்த எண்ணானாலும் பின்னால் வந்த பதிப்பாசிரியரின் கைவேலைதான். ‘கிராவே’ என்றால் கனம். இழுவை என்று அர்த்தமில்லை. அடிக்குரலின் நடை நடையாகவே கேட்க வேண்டும், தள்ளாட்டமாகக் கேட்டால் நீங்கள் மெதுவாகிவிட்டீர்கள்.

இனி சுருதி. நம் கணக்கில் எஃப் நாலு கட்டை, இ மூன்று கட்டை. நீங்கள் கேட்ட பதிவில் யாரும் பாட்டை இறக்கவில்லை. பழைய முறையில் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் ‘ஏ’ ஸ்வரத்தை 440க்குப் பதில் 415இல் வைத்துக்கொள்கிறார்கள், அரை ஸ்வரம் தாழ்வு. அவர்கள் தாளிலும் எஃப் மைனர்தான், விரலிலும் எஃப் மைனர்தான். உங்கள் ட்யூனருக்கு மட்டும் அது இ மைனர்.

அப்படியானால் நீங்களும் மூன்று கட்டையில் பாடலாமா? ஆர்கனோ கீபோர்டோ மட்டும் என்றால், மேல்குரலான சோப்ரானோவுக்கு மேல் ஸ்வரங்கள் சிரமமாக இருந்தால், தாராளமாகப் பாடலாம். ஆனால் வயலின் இருந்தால் கூடாது. இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். வயலினின் திறந்த தந்திகள் ஜி, டி, ஏ, இ. எஃப் மைனரில் இவற்றில் ஜி ஒன்றுதான் ஸ்கேலுக்குள் வரும், மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் விரல் வைத்தாக வேண்டும். அதனால் ஒலி திரை போட்ட மாதிரி மங்கலாக இருக்கும். இ மைனருக்கு மாற்றினால் நாலு தந்தியும் உள்ளே வந்து கணீரென்று ஒலிக்கும். பாட்டின் முகமே மாறிப்போகும். தந்தி முழுவதையும் 415க்கு இறக்கிக்கொண்டு எஃப் மைனர் விரலிலேயே வாசித்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஆர்கன் இறங்காதே! ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கும் கீபோர்டு என்றால், வயலின்காரர் தந்தி இறக்கச் சம்மதித்தால், செய்யுங்கள். சம்மதிக்காவிட்டால் நாலு கட்டையிலேயே நில்லுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் சுருதிக்கு மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை) போட்டுத் தருகிறோம்’ என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். சாஃப்ட்வேரில் அரை ஸ்வரம் இறக்கிய தகர டப்பா வயலின் வந்தது, மூச்சு வாங்க இடமே இல்லாமல். பாட்டுக்கு இன்று காப்புரிமையும் இல்லை, பழைய அச்சுப் பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் சந்தோஷம் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். வருடா வருடம் இதையே எழுதவைத்து மதிப்பெண் போடுகிறார்களே, அவர்கள் இந்த டூயட்டோடு நிறுத்தாமல் நாலாவது பகுதியையும் கேட்டுப் பார்க்கட்டும். தாய் துயரப்பட்டாள் என்று வார்த்தை, இசையோ இ ஃப்ளாட் மேஜரில், அலெக்ரோவில், அதாவது வேக நடையில், துள்ளுகிறது! பெர்கோலேசியின் நகைச்சுவை நாடக இசை மாதிரியே இருக்கிறதென்று பொலோன்யாவின் இசை அறிஞர் மார்ட்டினி பாதிரியார் அந்த நூற்றாண்டிலேயே குறைபட்டுக்கொண்டார்.

அழ வேண்டாம். ‘ஸ்டாபாட்’ என்றால் ‘நின்றுகொண்டிருந்தாள்’. நம் வியாகுல மாதா சிலுவையடியில் விழுந்து கிடக்கவில்லை, நிற்கிறாள். வலியை நீங்கள் குரலில் சேர்க்கத் தேவையில்லை, அது ஸ்வரத்திலேயே இருக்கிறது. ஒரு குரல் தன் ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, மற்றது பக்கத்து ஸ்வரத்தில் வந்து உரசுகிறது. முதல் குரல் ஒரு படி இறங்கி வழிவிடுகிறது. பிறகு மறுபடியும் உரசல். உரசும்போது அழுத்துங்கள், இறங்கும்போது தளர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவில் மூச்சு எடுக்கக் கூடாது. 42இல் மூச்சு போதவில்லை என்றால் 46க்கு ஏற்றச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள். உரசுகிற இடத்தில் இருவரும் விப்ரேட்டோவைக் குறைத்துவிடுங்கள். குரல் ஆடினால் அந்த உரசல் யார் காதிலும் விழாது.