கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மனைவியைக் கட்டாயப்படுத்தலாமா?

தில்லி வாழ் தமிழர்களின் சட்டக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணவர் அடித்ததாகப் போலீஸில் புகார் கொடுத்திருந்தேன். பெரியவர்கள் பேசிச் சேர்த்து வைத்ததில், இப்போது மயூர் விஹாரில் ஒன்றாகத்தான் இருக்கிறோம். கர்கர்டூமா நீதிமன்றத்திலிருந்து சாட்சி சம்மன் வந்திருக்கிறது. வர முடியாது என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. குற்றம்சாட்டப்பட்டவரின் மனைவியும் தகுதியுள்ள சாட்சியே என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 126-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மனைவி என்பதற்காகக் கூண்டேறாமல் இருக்கும் சலுகை நம் சட்டத்தில் இல்லை. சம்மனைப் பெற்றுக்கொண்டும் போகாவிட்டால் வாரன்ட் வரலாம். புகார் உங்களுடையது என்றாலும் வழக்கை நடத்துவது அரசு என்பதால், நீங்களாக அதை வாபஸ் வாங்கவும் முடியாது.

‘அடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வா’ என்று உறவினர்கள் சொல்லிக்கொடுப்பது வழக்கம். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். அரசு வழக்கறிஞர் உங்களைப் பிறழ்சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதற்கு மாறாகப் பேசும் சாட்சியாக, அறிவிக்கக் கோரி, மருத்துவமனையில் காயங்களைக் குறித்து எழுதிய எம்.எல்.சி. எனும் மருத்துவச் சட்ட அறிக்கையில் ‘கணவர் தாக்கியதாகக் கூறுகிறார், இடது முன்கையில் வீக்கம்’ என்று இருப்பதைக் காட்டியே குறுக்கு விசாரணை செய்வார். மாஜிஸ்திரேட் முன் ஏற்கெனவே சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்திருந்தால், பொய்ச் சாட்சி நடவடிக்கைக்கும் இடம் உண்டு. சமரசம் உண்மையானது என்றால், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகுவதே நேர்வழி. கணவன் மனைவி சமரசமான வழக்கை அவ்வாறு ரத்து செய்யலாம் என்று பி.எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பயந்து ஒப்புக்கொண்ட சமரசம் என்றால், அதை அரசு வழக்கறிஞரிடம் தனியாகச் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்வது குடும்பத் துரோகம் ஆகாது.

கேள்வி: தனிமையில் கணவர் மிரட்டியதைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது, அது தாம்பத்திய ரகசியம் என்கிறார் அவருடைய வக்கீல். சரியா?

பதில்: உங்கள் வழக்கில் சரியல்ல. தம்பதியர் தமக்குள் பேசியதை வெளியிடக் கூடாது என்ற விதி பழைய 122-ஆம் பிரிவிலும் இப்போதைய 128-ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆனால் ஒருவர் மற்றவருக்கு இழைத்த குற்றத்தின் விசாரணைக்கும், அவர்களுக்குள் நடக்கும் வழக்குகளுக்கும் அந்தத் தடை பொருந்தாது. மணவாழ்க்கை வழக்கொன்றில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அவர் அடித்தது உங்களை அல்ல, தம் தாயை என்றால் நிலைமை வேறு. அப்போது, நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லலாம்; அவர் உங்களிடம் சொன்னதை அவருடைய சம்மதமின்றிச் சொல்ல முடியாது.

கேள்வி: கணவரைக் கூண்டேற்ற முடியுமா?

பதில்: குற்ற வழக்கில் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது; குற்றம்சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீங்கள் தாக்கல் செய்த மனுவில் அவர் தம் தரப்புக்குச் சாட்சியம் அளித்தால், உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம்.

கேள்வி: கரோல் பாகில் இருக்கும் என் அக்காவுக்கு இந்தி சரியாக வராது. தமிழில் சாட்சி சொல்லலாமா?

பதில்: தாராளமாக. மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முன்கூட்டியே நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும். கணவர் வீட்டாரை மொழிபெயர்க்க ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.