'ஒரு கையெழுத்துதானே சார்!': பொறியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்வது என் தொழில். வேலையில் "இது சரியா, தப்பா" என்று மனதை உறுத்தும் விஷயங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே. ஊரையும் வேலையையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், பெயர், கம்பெனி எல்லாம் எடுத்தாயிற்று.

சைட் இன்ஜினியர், சேலம்: சார், முதல் மாடி ஸ்லாப் எம்25, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட். அதே கான்கிரீட்டில் போட்ட சோதனைக் கட்டியின் (கியூப்) 28 நாள் ரிசல்ட் 18, 19 என்று வந்திருக்கிறது. "லேப்புக்கு வேற கியூப் போட்டு அனுப்பு, மேல் ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் அடிச்சாச்சு" என்கிறார் பி.எம். (புராஜெக்ட் மேனேஜர்).

கியூப் ஃபெயில் என்றால் உடனே ஸ்லாப்பை உடைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, தம்பி. இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் பொய் ரிப்போர்ட்டுக்குப் போகிறார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456இலேயே வழி இருக்கிறது. சந்தேகமான இடத்தில் துளைபோட்டு கான்கிரீட் உருளை (கோர்) எடுங்கள். கியூப் வலிமைக்கு மாற்றிப் பார்த்தால் கோர்களின் சராசரி அந்த கிரேடு வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், தனி ஒரு கோரும் 75க்குக் கீழே இறங்கக்கூடாது. எம்25க்குச் சராசரி 21.25, தனிக் கோர் 18.75. அதிலும் தேறாவிட்டால் டிசைனர் லோடு டெஸ்ட் கேட்பார், அல்லது பலப்படுத்தச் சொல்வார். செலவுதான், ஆனால் நேர்வழி.

லேப்புக்கென்று தனியாக சிமென்ட் கூட்டிக் கலந்து கியூப் போடுவது சைட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அப்படி அனுப்பினால் லேப் தருவது உங்கள் ஸ்லாப்பின் ரிசல்ட் இல்லை. கான்கிரீட் ஓடட்டும் என்று மிக்சரில் யாரோ ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தால், அவர் அடுத்த ஸ்லாப்புக்கும் அதையே ஊற்றுவார்.

இன்றே பி.எம்.முக்கு ஒரு மெயில் போடுங்கள், டிசைனருக்கு காப்பி வையுங்கள். கான்கிரீட் போட்ட தேதி, ஸ்லாப்பின் எந்தப் பகுதி (கிரிட்), ரிசல்ட் என்ன, டிசைனர் சொல்லும்வரை மேல் ஸ்லாப் கான்கிரீட் நிறுத்தம். இவ்வளவு போதும். புகார் தொனி வேண்டாம், யார் தப்பு என்ற ஆராய்ச்சியும் வேண்டாம். கீழே முட்டு இருந்தால் பிரிக்க விடாதீர்கள், பிரித்துவிட்டார்கள் என்றால் மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள்.

சிவில் இறுதியாண்டு மாணவி, கோவை: எத்திக்ஸ் பேப்பரில் ஹயட் ரீஜென்சி விபத்து வருகிறது. "லாபத்துக்காகச் செய்த தவறு" என்று எழுதினால் மார்க் வந்துவிடுகிறது. அவ்வளவுதானா சார்?

இல்லைம்மா. அங்கே யாரும் பணத்தை அமுக்கவில்லை. அதனால்தான் அந்தக் கேஸைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, 1981 ஜூலை 17. ஹோட்டல் முகப்புக் கூடத்தில் நடனக் கூட்டம். மேலே அந்தரத்தில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். நாலாம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம், இரண்டுமே கூரையிலிருந்து கம்பியில் தொங்கின. முதல் டிராயிங்கில் கூரையிலிருந்து கீழ்ப் பாலம் வரை ஒரே நீளக் கம்பி. நடுவில் ஒரு நட்டு மேல் பாலத்தைத் தாங்கும், கீழே இன்னொரு நட்டு கீழ்ப் பாலத்தை.

அந்த நடு நட்டை ஏற்ற வேண்டுமானால் கம்பியின் பெரும்பகுதிக்கு மரை வெட்ட வேண்டும், தூக்கி மாட்டும்போது மரை நசுங்கும். இரும்பு பாகங்களைச் செய்துகொடுத்த ஃபேப்ரிகேட்டர் கேட்டார்: கம்பியை இரண்டாக்கிவிடலாமே? கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு ஒன்று. நியாயமான கோரிக்கை மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா?

கிணற்றுக் கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது ஒன்று, கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. கயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான், மேலே இருப்பவரின் கைக்கு அப்படி இல்லை. நாலாம் மாடி பீமுக்குக் கீழே இருந்த நட்டுக்கு அதுதான் நடந்தது. ஒரு பாலத்தின் பாரம் வர வேண்டிய இடத்தில் இரண்டும் வந்தன. முதல் டிராயிங்கே அந்த ஊர் விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான், மாற்றியதும் அதிலும் பாதி. பீமைப் பிளந்துகொண்டு நட்டு வெளியே வந்துவிட்டது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது யார்? யாருமே இல்லை. இணைப்பு டிசைனை எஞ்சினியர் பார்த்திருப்பார் என்று ஃபேப்ரிகேட்டர் நினைத்தார், அது ஃபேப்ரிகேட்டர் வேலை என்று எஞ்சினியர் ஆபீஸ் நினைத்தது. டிராயிங்கில் மட்டும் எஞ்சினியர் முத்திரை இருந்தது. கட்டும்போதே, 1979இல், அந்தக் கூடத்தின் கூரையில் ஒரு பகுதி விழுந்திருக்கிறது. அப்போதும் இந்த இணைப்பு யார் கண்ணிலும் படவில்லை. பொறுப்பான இரண்டு எஞ்சினியர்களும் மிசௌரி மாநில உரிமத்தை இழந்தார்கள். உங்கள் பேப்பரில் 'லாபம்' என்ற இடத்தில் 'யார் பார்த்தார்?' என்று எழுதிப் பாருங்கள். மார்க் குறைந்தால் நான் பொறுப்பில்லை!

லைசென்ஸ் வாங்கிய பொறியாளர், மதுரை: வேறு ஒருவர் செய்த டிசைனில் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். பீஸ் நன்றாக இருக்கிறது. "ஒரு கையெழுத்துதானே சார்!" என்கிறார்கள்.

கணக்கு, மண் பரிசோதனை ரிப்போர்ட், டிராயிங் மூன்றையும் கேளுங்கள். முழுசாகப் பார்க்க எத்தனை நாள் ஆகுமோ அதற்கான பீஸைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு போன் வராது. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடி இடிந்து 61 பேர் போனார்கள், பலர் ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். அப்படி ஒன்று நடந்தால் போலீஸ் முதலில் எடுக்கும் காகிதங்களில் உங்கள் கையெழுத்து இருக்கும்.

சாஃப்ட்வேர் டெவலப்பர், சென்னை: எங்கள் கோடு விழுந்து யாரும் சாவதில்லை. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

வோக்ஸ்வேகனைப் பாருங்கள். அந்த டீசல் காரின் சாஃப்ட்வேர், ஸ்டியரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் ஓடுவது போன்ற அடையாளங்களை வைத்து "நான் டெஸ்ட் லேபில் இருக்கிறேன்" என்று கண்டுபிடிக்கும். அங்கே மட்டும் புகையைச் சுத்தமாக்கும். ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை போனது. 2015 செப்டம்பரில் வெளியே வந்தது, உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். ஜேம்ஸ் லியாங் என்ற எஞ்சினியருக்கு 2017இல் 40 மாதச் சிறை. மேலே இருப்பவர்கள் சொல்லித்தானே செய்தோம் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பட்டியல் யாரிடமும் கிடையாது, அதனால் "யாரும் சாவதில்லை" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

மத்திய அரசு நிறுவனத்தில் உதவிப் பொறியாளர்: போடாத வேலைக்கு பில் பாஸ் ஆகிறது. மேலிடத்துக்கு எழுதலாமா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, தைரியமாக இருங்கள் என்று தூரத்தில் உட்கார்ந்து சொல்ல எனக்கு மனசில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சத்யேந்திர துபே பீகாரில் தங்க நாற்கரச் சாலை வேலையில் இருந்தவர். முறைகேடுகளைப் பற்றி 2002இல் பிரதமருக்கு எழுதினார், பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடேயே மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று வழக்கு முடிந்து 2010இல் மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

அந்தக் கொலைக்குப் பிறகுதான் 2004இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் பெயர் காக்கும் புகார் முறை வந்தது. பெயர், முகவரி உள்ளே கடிதத்தில் இருக்க வேண்டும், மொட்டைக் கடிதத்தை எடுக்க மாட்டார்கள். உறை மூடியிருக்க வேண்டும், மேலே 'பொதுநலத் தகவல் வெளியீட்டுப் புகார்' என்று ஆங்கிலத்தில் (Complaint under The Public Interest Disclosure) குறிக்க வேண்டும், உறையில் உங்கள் பெயர் கூடாது. அதற்கு முன்னால் ஒரு வேலை: எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) நீங்கள் அளக்காத அளவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். புகார் எழுதாவிட்டாலும் அது உங்கள் கையில் இருக்கிறது.

ஜூனியர் இன்ஜினியர், ஈரோடு: தீபாவளிக்கு கான்ட்ராக்டர் ஸ்வீட் பாக்ஸும் வெள்ளி டம்ளரும் அனுப்பினார்.

ஸ்வீட்டை ஆபீஸில் எல்லோருக்கும் கொடுங்கள். டம்ளர் அடுத்த பில் வருவதற்குள் திரும்பப் போகட்டும்.

டிசைனர், திருச்சி: வீட்டை ஒப்படைத்து எட்டு மாதம் ஆகிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கான்டிலீவர் பால்கனிக்கு லைவ் லோடு (ஆட்கள், பொருட்களின் பாரம்) சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் போடாமல் அறைக்கான 2ஐயே போட்டிருக்கிறேன். விரிசல் எதுவும் இல்லை. சொல்லத்தான் வேண்டுமா?

சொல்ல வேண்டும். முதலில் சைட்டில் உண்மையில் போட்ட கம்பியை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள், வேறொருவரையும் போடச் சொல்லுங்கள். பாதுகாப்புக் காரணி இழுத்துக்கொள்ளும் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள், அதே இடத்தில் கவரும் (கம்பிக்கு மேல் மூடியிருக்கும் கான்கிரீட்) கூடி, கம்பி கீழே இறங்கிப்போயிருக்கலாம்.

நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தை டிசைன் செய்த லெமெஷூரியர், மூலையிலிருந்து அடிக்கும் காற்றுக்கு இணைப்புகள் தாங்காது என்று, கட்டி முடித்த பிறகு, 1978இல் கண்டுபிடித்தார். வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போட்டிருந்தார்கள். அவரே உரிமையாளரிடம் போய்ச் சொன்னார். இரவு இரவாக இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து சரிசெய்தார்கள். இதற்காக அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவரிடம் பாதி மரியாதைதான். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஊருக்கு விஷயம் தெரிந்ததே 1995இல்.

உங்கள் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. இன்று மாலையே ஓனரைக் கூப்பிட்டு, கணக்கு முடியும்வரை பால்கனியில் கூட்டமாக நிற்க வேண்டாம், கனமான தொட்டிகளை உள்ளே எடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். சரி பண்ண வேண்டி வந்தால் அந்தச் செலவு உங்களுடையது.