கிறிஸ்துமஸ் விடுமுறை ஆட்டங்களின்போது உங்களுக்குப் பிடித்த இங்கிலாந்து கால்பந்து அணிகளை எப்படிப் பின்தொடர்கிறீர்கள்?

டிசம்பர் கடைசி வாரத்தில் இங்கிலாந்தில் அடுத்தடுத்து நடக்கும் ஆட்டங்களை எப்படிப் பின்தொடர்வது, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில் வசிக்கிறேன். எனக்கு இரண்டு அணிகள் உண்டு. ஆர்சனல், சென்னையில் கல்லூரியில் படித்த நாட்களிலேயே மனத்தில் இடம்பிடித்த அணி. லேட்டன் ஓரியன்ட், இங்கே குடிவந்த பிறகு வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கக் கிடைத்த அணி.

முதல் ஆட்டத்தின் முடிவை வைத்து நான் எந்தத் தீர்மானத்துக்கும் வருவதில்லை. டிசம்பர் 26-ஆம் தேதியாகிய பாக்சிங் டேயில் தொடங்கிப் புத்தாண்டை ஒட்டி முடியும் இரண்டு மூன்று ஆட்டங்களையும் சேர்த்து ஒரே ஆட்டமாகவே பார்க்கிறேன். ஒரு தாளில் மூன்று வரிகள் கோடிட்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முடிவையும், யார் முழு நேரம் ஆடினார்கள், யாருக்கு ஓய்வு தரப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்வேன். இரண்டு நாள் இடைவெளியில் மறுபடியும் களமிறங்க வேண்டியிருக்கும்போது, பதினொரு பேரின் திறமையைவிட வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பவர்களின் திறமைதான் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு முதியவர். வெஸ்ட்ஹாம் அணி 2016 வரை ஆடிவந்த அப்டன் பார்க் மைதானம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 1963 பாக்சிங் டே அன்று சிறுவனாகத் தன் தந்தையோடு அங்கே போனதையும், வெஸ்ட்ஹாம் பிளாக்பர்னிடம் 2-8 என்று தோற்றதைக் கண்ணால் கண்டதையும் அவர் இன்றும் வருத்தத்தோடு சொல்வார். இங்கிலாந்து கால்பந்து வரலாற்றில் அந்த நாள் தனித்து நிற்கிறது. அக்காலத்தில் உச்சப் பிரிவாக இருந்த முதல் பிரிவில் நடந்த 10 ஆட்டங்களில் 66 கோல்கள் விழுந்தன. ஃபுல்ஹாம் இப்ஸ்விச்சை 10-1 என்றும், பர்ன்லி மான்செஸ்டர் யுனைடெட்டை 6-1 என்றும் வென்றன. அக்காலத்தில் விடுமுறை நாட்களில் ஒரே எதிரணியோடு ஒரு முறை சொந்த மைதானத்திலும் ஒரு முறை எதிரணியின் மைதானத்திலும் ஆடும் வழக்கம் இருந்ததால், இரண்டே நாட்கள் கழித்து அதே அணிகள் மீண்டும் மோதின. இந்த முறை வெஸ்ட்ஹாம் பிளாக்பர்னின் மைதானத்திலேயே 3-1 என்று வென்றது. யுனைடெட் பர்ன்லியை 5-1 என்றும், இப்ஸ்விச் ஃபுல்ஹாமை 4-2 என்றும் பழிதீர்த்துக்கொண்டன. எட்டு கோல் வாங்கிய அதே வெஸ்ட்ஹாம் அடுத்த மே மாதம் எஃப்ஏ கோப்பையையும் வென்றது. "இரண்டாவது ஆட்டம் முடியும்வரை யாரையும் திட்டாதே" என்று தன் தந்தை அன்று சொன்னதாக முதியவர் கூறுவார்.

என் சொந்த அனுபவத்தில் இதற்குச் சாட்சி 2020-ஆம் ஆண்டு. தொடர்ந்து ஏழு லீக் ஆட்டங்களில் வெற்றி காணாமல் ஆர்சனல் 15-ஆம் இடத்தில் கிடந்தது. பயிற்சியாளர் மிகெல் அர்டெட்டாவின் பதவி நிலைக்குமா என்ற பேச்சு எங்கும் இருந்தது. டிசம்பர் 26 மாலை, தொற்றுக் கட்டுப்பாட்டால் பார்வையாளர் ஒருவரும் இல்லாத எமிரேட்ஸ் மைதானத்தில் செல்சி எதிரே நின்றது. அர்டெட்டா 19 வயது சாகாவையும் மார்டினெல்லியையும், 20 வயது ஸ்மித் ரோவையும் களத்தில் இறக்கினார். லகசெட் பெனால்டியில் ஒன்றும், ஷாகா ஃப்ரீ கிக்கில் ஒன்றும் அடித்த பிறகு, இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் சாகா வலது பக்கத்திலிருந்து இடது காலால் பந்தைத் தூக்கிவிட்டார். அது சக வீரருக்குத் தந்த பந்தா, கோலை நோக்கிய முயற்சியா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், கோல்கீப்பர் மெண்டியின் தலைக்கு மேலே வளைந்து போய் வலைக்குள் இறங்கியது. ஆட்டம் 3-1 என்று முடிந்தது. அன்றிரவும் நான் தாளில் முடிவை மட்டுமே எழுதினேன். மூன்று நாட்களில் பிரைட்டனில் 1-0, ஜனவரி 2-ஆம் தேதி கொட்டும் பனியில் வெஸ்ட் பிராமில் 4-0 என்று மூன்று வரிகளும் நிரம்பிய பிறகுதான், அணி திரும்பிவிட்டது என்று நம்பினேன். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 2015 கிறிஸ்துமஸில் பட்டியலின் உச்சியில் இருந்த லெஸ்டர், லிவர்பூலிடம் 0-1 என்று தோற்று, மான்செஸ்டர் சிட்டியோடும் போர்ன்மத்தோடும் 0-0 என்று சமன் செய்தது. மூன்று லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பலமான முன்வரிசை கொண்ட சிட்டிக்கு எதிராகவும் அவர்களுடைய தற்காப்பு உடையவில்லை என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஜனவரி 13-ஆம் தேதி டாட்டன்ஹாமில் தற்காப்பு வீரர் ஹூத் தலையால் முட்டிய ஒரே கோலால் வென்று, மே மாதம் உச்சப் பிரிவாகிய பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்றார்கள்.

ஓரியன்டைப் பின்தொடர்வது இன்னும் எளிமையானது. பாக்சிங் டே அன்று இந்த நாட்டில் பெரும்பாலான ரயில்கள் ஓடுவதில்லை. ஆகவே அந்த அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தால், வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் வெளியின் ஓரமாக, புல்லில் உறைபனி நொறுங்க, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடந்து போவேன். பிரிஸ்பேன் ரோடு மைதானத்தின் நான்கு மூலைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. போர்வையைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் நின்றபடியே குடும்பங்கள் ஆட்டம் பார்க்கும். இங்கிலாந்தின் மேல் நான்கு பிரிவுகளாகிய லீக்கில் 112 ஆண்டுகள் இருந்த இந்த அணி 2017-இல் அதிலிருந்து வெளியேறியபோது அழுதவர்களும், 2019-இல் அது திரும்பியபோது கூத்தாடியவர்களும் என் பக்கத்து இருக்கைகளில் அமர்கிறார்கள். இடைவேளையில் கை சூட்டுக்காகத் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மற்ற மைதானங்களின் நிலவரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்ற பழைய விதி ஒன்று உண்டு. அந்த நேரத்தில் வீட்டிலிருந்தால் நான் வானொலியைத்தான் நம்ப வேண்டும். சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு இந்தத் தடை இல்லை; அங்கே இரவு 8.30 மணிக்கு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, இப்போ அவங்க இடது பக்கமா ஏறி வர்றாங்க" என்று தொலைபேசியில் வருணிப்பான். ஆனாலும் சிறிய அணிகளின் மைதானங்களுக்கு ஆட்கள் வர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அந்த விதி நீடிக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

2025 பாக்சிங் டே அன்று பிரீமியர் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட்–நியூகாஸில் ஆட்டம் ஒன்று மட்டுமே நடந்தது. ஐரோப்பியப் போட்டிகள் பெருகி நாட்காட்டியில் இடமில்லாமல் போனதே காரணம் என்றாலும், அது எனக்கு உண்மையாகவே வலித்தது. கீழ்ப் பிரிவுகள் அந்த நாளை விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் அந்த வாரத்தில் இங்கே வர நேர்ந்தால், பெரிய அணிகளின் டிக்கெட்டுக்காக அலையாமல், தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்து போகக்கூடிய சிறிய மைதானம் எது என்று முதலில் பாருங்கள். கையுறையை மறக்க வேண்டாம்.