பருவுக்கு வைரஸ் ஜெல் எடுப்பிக்கலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். உயர்தரம் படிக்கும் மகளுக்கு முகமெல்லாம் பரு. டவுன் பார்மசியில் வாங்கிய கிளின்டமைசின் என்ற அன்டிபயோட்டிக் ஜெல்லை ஒரு வருடமாகப் பூசுகிறாள்; முதலில் கேட்டது, இப்போது கேட்பதில்லை. ‘கெட்ட கிருமியை மட்டும் தின்னும் வைரஸ் ஜெல்’ என்று பேஸ்புக்கில் வருகிறதாம், எடுப்பிக்கலாமா என்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஆனால் அந்த யோசனை பொய்யில்லை.

அந்த வைரசுக்கு பேஜ் என்று பெயர். பக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, கடைசியில் அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நம் உடலின் செல்களை அது தாக்குவதில்லை. பருவோடு தொடர்புடைய கியூட்டிபக்டீரியம் ஆக்னெஸ் என்ற பக்டீரியாவுக்கென்றே பேஜ்கள் உண்டு. நம் முகத்தில் இயல்பாகவே வாழ்கின்றன. அன்டிபயோட்டிக் பூசுவது புல்லுக்கு மருந்து அடிப்பது போல, பக்கத்தில் நிற்பதும் கருகும். பேஜ், கையால் பிடுங்குவது போல. அதோடு, அந்தப் பக்டீரியாவிலேயே சில வகைகள் நல்ல தோலிலும் சாதுவாக இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க நினைப்பதே தவறு.

2023இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், இந்தக் கிருமியால் எலிகளுக்கு வந்த பரு போன்ற புண்ணை பேஜ் பூசிக் குறைத்தார்கள். மனிதரில் கதை வேறு. 2021இல் வெளியான ஒரு பேஜ் ஜெல் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பேஸ்புக் டியூப்பில் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

சரி, மகளுக்கு என்ன செய்வது? கிளின்டமைசினைத் தனியாகப் பூசுவதை நிறுத்துங்கள், கிருமி பழகிவிட்டிருக்கலாம். 2.5 சதவீத பென்சோயில் பெரொக்சைட் என்ற பரு மருந்தை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிசாக. இதற்குக் கிருமி பழகுவதில்லை. துணியை வெளுக்க வைக்கும்; வெள்ளை யூனிபோர்முக்குப் பயமில்லை, ஸ்கூல் டையும் கலர் துவாயும் கவனம். எட்டு வாரமாவது பொறுங்கள். தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். மகள் வெள்ளையாக்கும் கிரீம் பூசினால் அதையும் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும், அதுவே பருவைக் கிளப்பும்.

தோலுக்கடியில் கட்டிபோல் வலித்தாலோ தழும்பு விழுந்தாலோ காத்திருக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். இதுவரை பூசிய டியூப்புகள் எல்லாவற்றையும், காலியானதென்றாலும், பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.