வெள்ளரியில் தொடங்கி வெந்தயத்தில் முடிந்த தேடல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2011-ஆம் ஆண்டு மே மாதம் நான் ஜெர்மனியில் குடும்பத்துடன் இருந்தேன். வெள்ளரிக்காய், தக்காளி, சாலட் கீரை எதையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்றார்கள். பிறகு ஸ்பெயின் வெள்ளரிதான் காரணம் என்றார்கள், அதுவும் இல்லை என்றார்கள். கடைசியில் முளைகட்டிய வெந்தயம் என்று முடித்தார்கள். அவ்வளவு வசதியுள்ள நாட்டில் ஏன் இத்தனை நாள் ஆயிற்று? எதையாவது மறைத்தார்களா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.
– ஒரு வாசகர், ஹாம்பர்க்

பதில்: தங்கள் கோபம் நியாயமானது. ஈ.கோலை என்ற குடல் கிருமியின் கொடிய வகை ஒன்று உணவு வழியே பரவி, ஜெர்மனியில் மட்டும் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, அவர்களில் 855 பேருக்கு ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் நிலை ஏற்பட்டு, 53 பேர் உயிரிழந்த நிகழ்வு அது. ஆனால் மறைத்தார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. கேள்வியை நோயாளிகளின் நினைவிடம் மட்டும் கேட்டதுதான் தாமதத்துக்கு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஈ.கோலை வகை உடலுக்குள் சென்று வயிற்றுப்போக்காக வெளிப்படவே ஏறக்குறைய எட்டு நாள்கள் ஆயின. அதன்பின் மருத்துவமனை, பரிசோதனை, சுகாதாரத் துறைக்குத் தகவல் என்று நாள்கள் கழிந்து, அதிகாரி ஒருவர் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்கும்போது, சாப்பிட்ட உணவின் மிச்சமும் இல்லை, அது வந்த பெட்டியும் இல்லை. போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மதியம் என்ன கூட்டு சாப்பிட்டோம் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? ரசம் சாப்பிட்டேன் என்று சொல்பவர், அதன்மேல் தூவியிருந்த கொத்தமல்லித் தழையைச் சாப்பிட்டேன் என்று சொல்வதில்லை. அங்கும் அப்படியேதான் நடந்தது. தட்டில் நிறைய இருந்த வெள்ளரியும் தக்காளியும் நினைவில் நின்றன, மேலே அலங்காரமாகக் கிள்ளிப் போட்ட முளைகள் நிற்கவில்லை. தொடக்க ஆய்வு ஒன்றில் நோயாளிகளில் கால் பங்கினரே முளைகளைக் குறிப்பிட்டார்கள்.

முடிச்சை அவிழ்த்தது லூபெக் நகரின் உணவகம் ஒன்றில் நடந்த விசாரணை. குழுக்களாக வந்து சாப்பிட்டவர்களின் ஆர்டர் சீட்டுகள், பணம் செலுத்திய விவரங்கள், அவர்கள் மேசையில் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டி, யார் எந்த உணவைச் சாப்பிட்டார் என்று உறுதிசெய்தபின், அந்தந்தத் தட்டில் என்னென்ன வைத்தீர்கள் என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். நோயுற்றவர்கள் அனைவருக்கும் முளைகள் பரிமாறப்பட்டிருந்தன. சாப்பிட்டவருக்குத் தெரியாதது சமைத்தவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு பக்கம், நோய் கூட்டமாகத் தோன்றிய 41 இடங்களுக்கும் பொருள்கள் வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தபோது, எல்லாமே கீழ் சாக்சனி மாநிலத்தில் பீனன்பூட்டல் என்ற ஊரிலுள்ள ஒரே பண்ணையில் போய் முடிந்தன. ஜூன் 10 அன்று முளைகளே காரணம் என்று அறிவித்தார்கள்.

பிரான்ஸில் போர்தோ நகரையொட்டி அதே நோய் தலைகாட்டியபோது, அங்கு உண்ட முளைகள் ஜெர்மன் பண்ணையில் விளைந்தவை அல்ல. தோட்டப் பொருள் கடையில் வாங்கிய விதையிலிருந்து உள்ளூரிலேயே முளைக்க வைத்தவை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது வெந்தயம். 2009 நவம்பரில் எகிப்திலிருந்து கப்பலேறிய 15,000 கிலோ சரக்கில் 75 கிலோ அந்த ஜெர்மன் பண்ணைக்குப் போயிருந்தது; இன்னொரு பகுதி இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், 50 கிராம் பொட்டலங்களாகப் பிரான்ஸுக்கு வந்திருந்தது. இந்தத் தொடர்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூலை 5 அன்று வெளியிட்டது. ஆனால் எந்த விதையிலும் அந்தக் கிருமி கடைசிவரை சிக்கவில்லை. எகிப்து குற்றச்சாட்டை மறுத்தது. தங்களைப் போன்ற பலருக்கு மனம் ஆறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனினும், இரு நாட்டு நோயாளிகளையும் இணைக்கும் ஒரே இழை காகிதத்தில் தெளிவாக இருக்கும்போது, அதை ஆதாரமாக ஏற்பதே முறை.

கேள்வி: நாங்கள் காய்கறி பயிரிடும் குடும்பம். செய்யாத தவறுக்கு ஸ்பெயின் விவசாயிகள் பழி சுமந்ததைப் படித்தபோது நெஞ்சு பதைத்தது. உறுதியாகத் தெரியாமல் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சொல்லியிருக்கக் கூடாது. மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரியில் நச்சு உண்டாக்கும் ஈ.கோலை இருப்பதாக அறிவித்தார்கள். கிருமி இருந்தது உண்மைதான்; ஆனால் அது நோயாளிகளிடம் கண்ட வகை அல்ல என்பது மே 31 அன்று தெரிந்துவிட்டது. அந்த ஐந்து நாள்களுக்குள் ஸ்பெயினின் அல்மேரியா, மலாகா பகுதிகளின் பெயர் கெட்டுப்போயிற்று. அந்தலூசிய மாநில வேளாண் அமைச்சர் கிளாரா அகிலேரா கேமராக்களின் முன் வெள்ளரிக்காயைக் கடித்துச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வாரத்துக்கு 20 கோடி யூரோ இழப்பு என்று ஸ்பெயின் ஏற்றுமதியாளர்கள் கணக்கிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் எல்லா நாட்டு விவசாயிகளுக்கும் சேர்த்து ஒதுக்கிய இழப்பீடு சுமார் 21 கோடி யூரோ. பறித்த காயைக் கொட்டி அழிப்பது எத்தகைய வேதனை என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே நேரத்தில், நோய் பரவும்போது ஐயத்தின் பேரிலேயே ‘இதைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்’ என்று எச்சரிப்பது அரசின் கடமை. முழு உறுதிக்குக் காத்திருந்து இன்னொரு உயிர் போனால் அதற்கும் அவர்களே பொறுப்பு. ஆனால் உணவைப் பற்றி எச்சரிப்பது வேறு, விளைந்த ஊரைக் குற்றம்சாட்டுவது வேறு. நோயாளியிடம் உள்ள கிருமியும் காயில் உள்ள கிருமியும் ஒன்றே என்று ஆய்வுக்கூடம் சொல்லும்வரை இரண்டாவதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

கேள்வி: இப்போதாவது நிலைமை மாறியிருக்கிறதா? நான் வாரந்தோறும் வெந்தயத்தை ஊறவைத்து ஈரத் துணியில் முடிந்து முளைகட்டுகிறேன். சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஓரளவு மாறியிருக்கிறது. யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்பதை ஒவ்வொருவரும் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் 2002-லேயே உண்டு. ஆயினும் அவரவர்க்குப் பக்கத்து வீடு மட்டுமே தெரியும், தெரு முழுவதும் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் குறை. 2013-இல் முளைகளுக்கும் அவற்றின் விதைகளுக்கும் தனி விதிகள் கொண்டுவந்தார்கள். விதை எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற விவரம் இப்போது சரக்குடன் கூடவே போக வேண்டும். அமெரிக்கா 2022-இல் இதுபோன்ற கடுமையான விதியை அறிவித்தது. 2026 ஜனவரிக்குள் அனைவரும் பின்பற்ற வேண்டும் என்று முதலில் வைத்த கெடு இப்போது 2028 ஜூலைக்குத் தள்ளிப்போயிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தங்கள் வெந்தயத்தைப் பொறுத்தவரை, விதையின் நுண்ணிய விரிசலில் கிருமி ஒளிந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது; முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் அது பல்கிப் பெருகவும் ஏற்றவை. ஆகவே முளைகட்டியதை ஆவியில் நன்கு வேகவைத்தோ, குழம்பில் கொதிக்கவிட்டோ சாப்பிடுங்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் வீட்டில் இருந்தால் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம்.