யூர்கன் கிளாப் கட்டிய லிவர்பூல் அணியை வைத்துத்தானே, அவருக்குப் பின் பயிற்சியாளராக வந்த ஆர்னே ஸ்லாட் முதல் பருவத்திலேயே இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றார்? அந்தப் பெருமை உண்மையில் யாருக்கு?

ஸ்லாட்டுக்குத்தான். இதுபோன்ற கேள்விகளுக்கு ‘இருவருக்கும் பங்குண்டு’ என்று பாதிக்குப் பாதி பிரித்துக் கொடுத்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய கால்பந்துக் கழகத்துக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, அதே பையன்களை இன்னொருவரிடம் ஒப்படைத்து, அவர் முதல் ஆண்டிலேயே கோப்பையைத் தூக்கியதைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கண்டவன் என்ற முறையில், இந்தப் பங்கு பிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கேள்வியின் தொனியை வைத்துப் பார்த்தால், கிளாப்பை இன்னும் மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியாத லிவர்பூல் ரசிகராக இருப்பீர்கள். அல்லது, 20 லீக் பட்டங்களோடு தனித்து நின்ற பெருமை, லிவர்பூலும் 20ஐ எட்டியதால் போய்விட்டதே என்று வருந்தும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகராக இருப்பீர்கள். எதுவானாலும் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

உங்கள் தரப்பின் வலுவான வாதத்தை முதலில் நானே எடுத்து வைத்துவிடுகிறேன். கிளாப்பின் கடைசிப் பருவமான 2023-24இல் லிவர்பூல் 82 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பெற்றது. 86 கோல் அடித்து, 41 கோல் வாங்கியது. ஸ்லாட்டின் முதல் பருவமான 2024-25இல் 84 புள்ளிகளுடன் முதலிடம். அடித்தது அதே 86, வாங்கியதும் அதே 41. தோல்விகள்கூட இரு பருவங்களிலும் நான்கு நான்குதான். அந்தப் பருவத்துக்கென்று புதிதாக வந்து சேர்ந்த வீரர் ஃபெடரிகோ கியேசா ஒருவரே, அவரும் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். இதற்கிடையே மான்செஸ்டர் சிட்டி 91 புள்ளிகளிலிருந்து 71க்கும், ஆர்சனல் 89லிருந்து 74க்கும் இறங்கின. ஆகவே லிவர்பூல் ஏறவில்லை, மற்றவர்கள்தான் இறங்கினார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த எண்கள் போதும்.

ஆனால் பருவம் முடிந்தபின் நிற்கும் மொத்தக் கணக்கு, பருவம் எப்படி ஓடியது என்பதைக் காட்டுவதில்லை. 2025 ஏப்ரல் 27 அன்று சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் டாட்டனத்தை 5-1 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தபோது, இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருந்தன. அப்போதே லிவர்பூலிடம் 82 புள்ளிகள் இருந்தன. கிளாப்பின் அணி 38 ஆட்டங்களில் சேர்த்ததை இந்த அணி 34 ஆட்டங்களில் சேர்த்துவிட்டது. அதுவரை அது தோற்றது இரண்டே ஆட்டங்கள்: செப்டம்பரில் சொந்த மைதானத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம், ஏப்ரலில் ஃபுல்ஹாமிடம். மற்ற இரு தோல்விகளும் பட்டம் கைக்கு வந்தபின் நேர்ந்தவை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இதே வீரர்கள் சொந்த மைதானத்தில் கிரிஸ்டல் பேலஸிடமும், பின்னர் எவர்ட்டனிடமும் தோற்றுப் பட்டப் போட்டியிலிருந்து நழுவினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தை வைத்து வாதாடுவது எவ்வளவு பலவீனமானது என்று தெரியும்.

அவர் மாற்றியது என்ன என்று கேட்பீர்கள். பலவற்றைச் சொல்லலாம், எனக்கு ஒன்று போதும். தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று பந்தை வாங்கிக் கொடுக்கும் இடத்துக்கு, ரியல் சொசியடாட்டின் மார்ட்டின் சுபிமெண்டியைக் கொண்டுவர லிவர்பூல் முயன்றது. அவர் வர மறுத்துவிட்டார். வேறு யாரையும் தேடாமல், கிளாப்பின் காலத்தில் பெரும்பாலும் முன்னே தள்ளியோ மாற்று வீரராகவோ ஆடிவந்த ரையான் கிராவன்பெர்க்கை ஸ்லாட் அந்த இடத்தில் நிறுத்தினார். ஏறத்தாழ எல்லா லீக் ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே ஆடிய அவர், பிரீமியர் லீக்கின் அந்தப் பருவத்துச் சிறந்த இளம் வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆள் பழைய ஆள்தான், அந்த இடத்தில் அவனை நிறுத்தலாம் என்று கண்ட கண்தான் புதியது.

எங்கள் கழகத்திலும் ஒரு கிராவன்பெர்க் இருந்தான். எங்கள் பையன்களில் சமாதானபுரம், மேலப்பாளையம் பக்கத்தவர்கள் பாதி; உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் மீதி. மணலில் ஆடிப் பழகிய கடற்கரைப் பையன்களுக்குப் பந்து காலைவிட்டுப் பிரியாது, ஆனால் ஓடும் தூரத்தைக் கணக்கிடத் தெரியாது. அப்படி இடிந்தகரையிலிருந்து வந்த, உயரம் குறைந்த, யாரிடமும் அதிகம் பேசாத ஒருவனை நான் வலது பேக்காக, அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக வைத்திருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. ஓரமாக ஏறிவரும் எதிரணியின் வேகமான விங்கர்களைத் துரத்திப் பிடிக்கும் ஓட்டம் அப்போது அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது, அவனை அங்கிருந்து எடுத்தால் அந்தப் பக்கமே திறந்து கிடக்கும். இன்று யார் கேட்டாலும் அந்த அணிக்கு அது சரியான முடிவு என்றே சொல்வேன். அப்படி ஆடித்தான் மாவட்ட அளவிலான ஒரு சுழற்கோப்பைப் போட்டியில் ஓராண்டு அரையிறுதிக்கும் அடுத்த ஆண்டு இறுதிக்கும் போனோம். இறுதியாட்டத்தில் டைபிரேக்கரில் தோற்றோம்.

அதற்குப் பிறகு எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் பணி மாறுதல் வந்தது. பேருந்தில் திரும்பி வருவதற்குள் மைதானம் இருட்டிவிடும் என்பதால், உவரிப் பக்கத்தைச் சேர்ந்த, முறையாகப் பயிற்சியாளர் உரிமம் பெற்ற ஒரு தம்பியிடம் அணியை ஒப்படைத்தேன். பொறுப்பேற்றதும் அவர் என் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, எதையெல்லாம் நான் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க” என்று கேட்டார். எதை மாற்றலாம் என்று கேட்கவில்லை என்பதை அப்போதே கவனித்தேன். கேப்டனை மாற்ற வேண்டாம், மேலப்பாளையம் பையன்களுக்காக வெள்ளிக்கிழமைப் பயிற்சி நேரத்தை மாற்ற வேண்டாம், முதல் போஸ்டுக்கு அடித்து உள்ளே தட்டிவிடும் கார்னரை விட்டுவிட வேண்டாம் என்றேன். மூன்றையும் அவர் கடைசி வரை காப்பாற்றினார்.

மற்றதையெல்லாம் மாற்றினார். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது நின்றது, ஓட்டம் முழுவதும் பந்தோடுதான். கோல்கீப்பர் பந்தை எட்டி உதைப்பது குறைந்து, பக்கத்தில் நிற்பவனுக்கு உருட்டிவிடத் தொடங்கினான். முதல் சில ஆட்டங்களில் அதனால் கோல் வாங்கியபோது பெற்றோர்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். வலது பேக்கை நடுக்களத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தார். திறந்து கிடக்கும் என்று நான் அஞ்சிய அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. ஏனென்றால் நடுவில் அவன் பந்தை இழக்காதவரை எதிரணி விங்கருக்குப் பந்து போய்ச் சேர்வதே அரிதாகிவிட்டது.

அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர்கள் எங்கள் பையன்களைவிட உயரமும் எடையும் மிகுந்தவர்கள். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் கோல்கீப்பர் உருட்டிவிட்ட பந்தை வாங்கிய இடிந்தகரைப் பையன், முதுகில் ஒருவனைச் சுமந்துகொண்டே திரும்பி, இரண்டு பேருக்கு நடுவே ஒரு பாஸ் போட்டான். அது கோலில் முடிந்தது. இரண்டாவது கோல் நான் சொல்லிக் கொடுத்த அதே கார்னரில் வந்தது. மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் எத்தனை பேர் என் கையைப் பிடித்து “அந்த ரெண்டாவது கோல் ஒங்களோடது அண்ணாச்சி” என்றார்கள்! டீக்கடையில் அது மேலும் வளர்ந்தது: “நீங்க வச்ச மரம், அவன் வந்து பழத்தப் பறிச்சிட்டான், அம்புட்டுதான்.”

ஆறுதலாகச் சொன்னார்கள் என்பது புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எனக்கு இன்றும் கசக்கிறது. மரம் யார் ஏறினாலும் பழம் தரும், பதினோரு பையன்கள் அப்படியல்ல. அந்தக் கார்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். என் காலத்திலும் அதை அடித்தோம், ஆனால் நாங்கள் தோற்ற அந்த இறுதியாட்டத்தில் எங்களுக்குக் கார்னர் கிடைத்ததே அபூர்வம். கார்னர் கிடைக்க வேண்டுமானால் ஆட்டம் எதிரணியின் எல்லையில் நடக்க வேண்டும், அதற்கு நடுக்களம் நம் கையில் இருக்க வேண்டும், அங்கே யாரை நிறுத்துவது என்று முடிவெடுத்தவர் அவர். பாராட்டு விழாவில் முதல் பொன்னாடையை எனக்குப் போட்டார்கள். அவர் மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். செய்தித்தாள் ஒன்றின் மாவட்டப் பக்கத்தில் வந்த படத்திலோ, கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தவர் சிறப்பு விருந்தினர். பயிற்சியாளரின் பெயர்கூட இல்லை. கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மாலை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது, விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பையன்களுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தது நான், அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு அணி தோற்றிருந்தால், பெற்றோர்கள் யாரைக் குறை சொல்லியிருப்பார்கள்? கோல்கீப்பர் உருட்டிவிட்ட பந்தில் கோல் வாங்கிய நாட்களில் ‘இது பழைய கோச் வளர்த்த அணி’ என்று ஒருவரும் சொல்லவில்லை. லிவர்பூலிலும் அதே நிலைதான். ஸ்லாட் ஐந்தாம் இடத்தில் முடித்திருந்தால், கிளாப் மோசமான அணியை விட்டுச் சென்றார் என்று எந்த ரசிகரும் எழுதியிருக்க மாட்டார்.

நீங்கள் யுனைடெட் ரசிகரானால் உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2012-13இல் 89 புள்ளிகளுடன் பட்டம் வென்ற அணியை, நெடுங்காலப் பயிற்சியாளர் ஃபெர்குசன் டேவிட் மோயஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது அடுத்த பருவத்தில் 64 புள்ளிகளுடன் ஏழாம் இடத்துக்கு இறங்கியது, மோயஸ் 2014 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டார். வென்ற அணி கையில் கிடைத்தால் வெற்றி தானாக வரும் என்றால் அவருக்கும் வந்திருக்க வேண்டும். நம் மாநிலத்திலேயே, 2018-19இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியில் சென்னை சிட்டி எஃப்.சி. தேசிய அளவிலான ஐ-லீக் பட்டத்தை வென்றது. கோயம்புத்தூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. முந்தைய பருவத்தில் அட்டவணையின் அடிப்பகுதியில் தவித்த அணி அது. ஆனால் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி உட்பட முக்கியமான ஆட்கள் பலர் புதியவர்கள் என்பதால், அங்கே பழைய பயிற்சியாளருக்குப் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. அணியை மாற்றி வென்றால் முழுப் பெருமை, மாற்றாமல் வென்றால் பாதிப் பெருமை என்ற இந்தக் கணக்கு எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. இருப்பதை வைத்து வெல்வதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

கிளாப்பைக் குறைத்துப் பேசுகிறேன் என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015இல் வந்து, ஐரோப்பியக் கோப்பையையும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டத்தையும் கொண்டுவந்தவர் அவர். 2023 கோடையில் நடுக்களத்தை முழுவதுமாகப் புதுப்பித்து, மக் அலிஸ்டரையும் சோபோஸ்லாயையும் இதே கிராவன்பெர்க்கையும் அணியில் சேர்த்ததும் அவர் காலத்தில்தான். அந்தப் பருவங்களின் பெருமை அவருடையது, அதில் ஸ்லாட் பங்கு கேட்கவில்லை. இன்னும் சொன்னால், 2024 மே மாதம் தன் பிரிவு உபசார நாளில் கிளாப்தான் மைதானத்தில் நின்று ஸ்லாட்டின் பெயரைப் பாடினார்; பட்டம் உறுதியான நாளில் ஸ்லாட்டும் கிளாப்பின் பெயரைப் பாடினார்.

அடுத்து வரப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும்: 2025-26 பருவத்தில், புது ஆட்களுக்குப் பெருந்தொகை செலவழித்த பிறகும், இலையுதிர் காலத்தில் லிவர்பூல் தொடர்ந்து தோற்றதே, கிளாப்பின் அணி கலைந்ததும் ஸ்லாட்டின் சாயம் வெளுத்துவிட்டதே என்பீர்கள். தன் முன்கள வீரர் டியோகோ ஜோட்டாவை விபத்தில் பறிகொடுத்த ஒரு அணியின் பருவத்தை அவ்வளவு எளிதாக எடை போட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், அந்தத் தோல்விகளை ஸ்லாட்டின் கணக்கிலேயே எழுதுங்கள். அவற்றை அவர் பெயரில் எழுதுகிறவர்கள் 2024-25ஐ மட்டும் கிளாப்பின் பெயரில் எழுத முடியாது.